உழாத நிலத்தில் பெருகுவது எது?

1988-இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், இன்றைய குவாசுலு-நட்டால் மாகாணத்தில், விவசாயிகள் அதுவரை கண்டிராத புள்ளிகள் மக்காச்சோள இலைகளில் தோன்றின. இலை நரம்பைத் தாண்டாத நீள்செவ்வகப் புள்ளிகள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். முதலில் அடியிலைகளில் வந்தன. கதிரில் மணி பிடிக்கும் நாட்களில் மேலிலைகளுக்கும் ஏறிவிட்டன. மணிக்கு மாவுச்சத்தை ஊட்டுபவை அந்த மேலிலைகளே. அவை கருகியதும் கதிர் சிறுத்தது. இலையிழந்த பயிர் தண்டிலிருந்த சத்தை உறிஞ்சிக் கதிருக்குக் கொடுத்ததால் தண்டு வலுவிழந்து சாய்ந்தது. எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகங்களில் மகசூல் இழப்பு 60 விழுக்காடு வரை போயிற்று. 1995-இல் ஜிம்பாப்வேயிலும் இந்த நோய் கண்டறியப்பட்டது. சாம்பல் இலைப்புள்ளி என்பது அதன் பெயர்.

உலகுக்கு இது புதிய நோய் அல்ல. 1924-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அலெக்ஸாண்டர் வட்டாரத்தில் சேகரித்த இலைகளில் இந்த நோயைத் தரும் பூஞ்சையைக் கண்டு, மறு ஆண்டு டெஹன், டேனியல்ஸ் என்ற இருவர் விவரித்துப் பெயரிட்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தும் அளவுக்கு அது சேதம் செய்யவும் இல்லை. 1970-களில் அப்பலாச்சிய மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் திடீரென்று வயல் வயலாகப் பரவியது. 1990-களில் சமவெளியின் பெரிய மக்காச்சோளப் பகுதிகளுக்கும் இறங்கியது. பூஞ்சை மாறிவிடவில்லை, பயிரும் அதே பயிர்தான். மாறியது ஒன்றே ஒன்று. விவசாயிகள் உழுவதை நிறுத்தியிருந்தார்கள்.

அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, உழாமல் விதைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்கர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 1930-களில் அந்நாட்டின் நடுப்பகுதியில் உழுது புழுதியாக்கிய நிலங்களின் மேல்மண் காற்றோடு கிளம்பி, வானத்தை இருட்டடித்துக்கொண்டு பறந்தது. 1943-இல் எட்வர்ட் ஃபால்க்னர், கலப்பையையே குற்றவாளியாக்கிப் புத்தகம் எழுதினார். 1962-இல் கென்டக்கியில் ஹாரி யங் என்ற விவசாயி ஓர் ஏக்கருக்கும் குறைந்த துண்டில், களையைக் கொல்லும் மருந்தின் துணையோடு, உழாமல் மக்காச்சோளம் விதைத்துக் காட்டினார். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் தன் செம்மண் கரைந்தோடுவதைப் பார்த்துப் பொறுக்காத ஹெர்பர்ட் பார்ட்ஸ், கென்டக்கிக்குப் போய் யங்கின் வயலைப் பார்த்துவிட்டு வந்து, 1972-இல் தன் நிலத்தில் அதைத் தொடங்கினார். 2018-19 கணக்குப்படி உலகில் சுமார் 20.5 கோடி ஹெக்டேர் இந்த முறைக்கு வந்துவிட்டது. மண் அரிப்பு குறைந்ததும், ஈரம் தங்கியதும், டீசல் செலவு மிச்சமானதும் உண்மை. அதில் யாருக்கும் வழக்கில்லை.

சாம்பல் இலைப்புள்ளி இந்த வெற்றியின் நிழலில் வளர்ந்தது. அந்தப் பூஞ்சையின் வாழ்க்கையைப் பார்த்தால் காரணம் புரியும். மண்ணுக்குள் தனித்துப் பிழைக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. அறுவடைக்குப் பின் கிடக்கும் மக்காச்சோளத் தட்டையிலும் தோகையிலும்தான் அடுத்த பருவம் வரை அது தங்கியிருக்கும். தட்டை மண்ணில் புதைந்தால், அதை மட்கவைக்க வரும் மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட முடியாமல் அழிந்துவிடும். தட்டை நிலத்தின்மேல் காய்ந்து கிடந்தால் பிழைத்துக்கொண்டு, மழை வந்ததும் வித்துகளை உண்டாக்கிக் காற்றிலும் சாரலிலும் புதுப்பயிரின் அடியிலைக்கு அனுப்பும். தொற்றிய இலையில் புள்ளி தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும் என்பதால், விவசாயி பார்க்கும்போது காரியம் கைமீறியிருக்கும். யாரும் அப்படி நினைத்துச் செய்யாவிட்டாலும், உழவு இத்தனை காலமும் நோய்த்தடுப்பு வேலையையும் சேர்த்தே செய்துவந்திருக்கிறது.

அப்படியானால் உழவைக் குறைக்கும் வளங்காப்பு வேளாண்மையே தவறா? இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு அதற்கு மூன்று விதிகளை வைத்திருக்கிறது: மண்ணைக் கிளறுவதைக் குறை, பயிர்க்கழிவால் மண்ணை மூடி வை, பயிரை மாற்று. அப்பலாச்சியச் சரிவுகளில் விவசாயிகள் முதல் இரண்டை ஏற்றார்கள். மூன்றாவதைக் கைவிட்டார்கள். உழாமல் விதைத்தால் சரிவில் மண் அரிக்காது என்பதாலேயே, முன்பு மக்காச்சோளத்துக்குத் தகாத நிலங்களிலும் ஆண்டுதோறும் மக்காச்சோளமே போட்டார்கள். பூஞ்சைக்கு வீடும் கிடைத்தது, அடுத்த வேளைச் சோறும் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. பின்னாளில் நோயியலாளர்கள் கொடுத்த அறிவுரை எளிமையானது: உழுகிற நிலமென்றால் ஓராண்டு வேறு பயிர், உழாத நிலமென்றால் ஈராண்டு. நோயை எதிர்க்கும் ரகங்களும் வந்தன. 2006-இல் பெட்ரோ குரூஸ் குழுவினர், ஆப்பிரிக்காவில் இந்த நோயைத் தருவது அமெரிக்கப் பூஞ்சையின் நெருங்கிய உறவான தனி இனம் என்று காட்டி அதற்கு செர்கோஸ்போரா ஜீனா என்று பெயரிட்டார்கள்.

எல்லா நோயும் தட்டையோடு கூடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டூப்னிக், பூசாலிஸ் இருவரும் சோளத்தில் செய்த ஆய்வில், உழாமல் தாளை மேலேயே விட்ட நிலங்களில் தண்டழுகல் வெகுவாகக் குறைந்திருந்தது. தண்டழுகல் தருகிற பூஞ்சைகள் பெரும்பாலும் தாகத்தில் தவிக்கும் செடியையே சாய்க்கும். மூடாக்கு ஈரத்தைக் காத்ததால் செடி தவிக்கவில்லை. மெக்சிகோவில் எல் பத்தான் என்ற ஊரில், பன்னாட்டு மக்காச்சோள-கோதுமை ஆய்வு மையம் 1991 முதல் நடத்திவரும் நீண்டகாலச் சோதனையும் இதையொட்டிய முடிவையே தந்தது. அங்கே வேரழுகலும் நூற்புழுவும் இருந்தாலும், மகசூலைத் தீர்மானித்ததில் அவற்றைவிட ஈரத்துக்கும் சத்துக்கும் பங்கு பெரிது. ஆகவே, உழாத நிலத்தில் நோய் கூடும் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வது பிழை. பழைய தட்டையிலிருந்து புது இலைக்குத் தாவும் நோய் கூடும். வறட்சியைப் பிடித்துக்கொண்டு வரும் நோய் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கு மண்ணுக்குள் ஓடுகிறது.

1885-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃப்ராங்க், ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானை வளர்க்க வழி தேடும் பணியைப் பிரஷ்ய அரசிடமிருந்து ஏற்றிருந்தார். ட்ரஃபிள் வளர்ப்பில் அவர் வெற்றி காணவில்லை. ஆனால் மரவேர்களும் பூஞ்சைகளும் ஒன்றுக்கொன்று உணவு கொடுத்து வாழ்கின்றன என்று கண்டு, அந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். மக்காச்சோளத்தின் வேர்ப்பூஞ்சை வேறு குழுவைச் சேர்ந்தது. வேரின் செல்லுக்குள்ளேயே நுழைந்து நுண்கிளைகளாகப் பிரியும். வெளியே மண்ணில் இழைகளைப் பரப்பும். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் 40 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத் தாவரங்களுக்குள் இதே கிளைகள் தெரிகின்றன. வேர்முடி புகமுடியாத இண்டு இடுக்கில் இந்த இழை புகுந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். செடி தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கும்.

உழவு இந்த வலையை அறுக்கிறது என்று வாயால் சொல்வது எளிது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் முர்ரே மில்லர் குழுவினர் 1980-களில் அதை நிரூபித்த விதம்தான் அழகு. ஒரே வயலின் மண்ணைக் கட்டி குலையாமல் எடுத்து ஒரு பக்கம், அதையே உதிர்த்துக் கலைத்து மறுபக்கம் வைத்து விதைத்தார்கள். கலைத்த மண்ணில் இளம் மக்காச்சோளமும் கோதுமையும் மணிச்சத்தைக் குறைவாகவே எடுத்தன. மண்ணின் இறுக்கமோ காற்றோட்டமோ காரணமாக இருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள் அல்லவா? அதற்காகவே வேர்ப்பூஞ்சையோடு சேராத பசலையையும் கனோலாக் கடுகையும் பக்கத்தில் விதைத்திருந்தார்கள். அந்த இரண்டிலும் கலைத்த மண்ணுக்கும் கலைக்காத மண்ணுக்கும் அந்த வித்தியாசம் இல்லை. அறுந்தது பூஞ்சை வலைதான் என்பது உறுதியாயிற்று. அதே குழுவினர் நேர்மையாகப் பதிந்த மற்றொன்றும் உண்டு. உழாத நிலத்தில் இளம்பயிர் கூடுதல் மணிச்சத்தை எடுத்தாலும், அது எல்லா ஆண்டும் கூடுதல் மகசூலாக முடியவில்லை. குளிர்நாட்டில் மூடிய மண் சூடேறத் தாமதமாவது போன்ற வேறு தடைகள் இடையில் வந்தன.

இந்த வலை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இயற்கையே ஒருமுறை செய்துகாட்டியது. 1993-இல் மிசிசிப்பி ஆறு கரைபுரண்டு, அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்கள் ஒரு பருவம் முழுவதும் விதைக்கப்படாமல் கிடந்தன. மறு ஆண்டு அங்கே முளைத்த மக்காச்சோளம் வளர்ச்சி குன்றி, இலை ஊதாநிறமாகி நின்றது. மணிச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம் அது. மண் பரிசோதனையிலோ மணிச்சத்து குறைவில்லை. உயிருள்ள வேர் இல்லாமல் ஓராண்டு கழிந்ததால் வேர்ப்பூஞ்சை மெலிந்துபோயிருந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நீண்ட தரிசுக்குப் பின் வரும் இதே நோஞ்சான் பயிரை ஜான் தாம்சன் 1980-களிலேயே விளக்கியிருந்தார். கடுகுக் குடும்பப் பயிருக்குப் பின் மக்காச்சோளம் போட்டாலும் இதன் சாயல் தெரிவதுண்டு. பயிரை மாற்று என்ற விதியை எந்தப் பயிராக மாற்றுவது என்று யோசிக்காமல் கடைப்பிடித்தால், இலைநோயைக் குறைத்த கையோடு வேர்த்துணையையும் இழக்க நேரிடும்.

மணிச்சத்து ஊட்டுவதோடு வேர்ப்பூஞ்சையின் வேலை முடியவில்லை. சீன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வேர்ப்பூஞ்சை சேர்ந்த மக்காச்சோளத்தில் ரைசோக்டோனியா பூஞ்சையால் வரும் இலையுறைக் கருகல் குறைந்தது. அந்தச் செடிகள் டிம்போவா என்ற தற்காப்புப் பொருளைக் கூடுதலாகத் திரட்டியிருந்தன. பூஞ்சை போய்ப் பகையோடு சண்டை போடவில்லை, செடியை ஆயத்தமாக்கிவைத்தது. இந்த உறவு தொடங்கும் விதமும் வியப்பானது. பட்டினியிலுள்ள வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிட, அதை உணர்ந்து பூஞ்சை கிளைவிட்டு வேரை நாடி வருகிறது. ஜப்பானில் அகியாமா குழுவினர் 2005-இல் கண்டது இது. அதே பொருளை ஒரு களையும் மோப்பம் பிடிக்கிறது. ஆப்பிரிக்க மக்காச்சோளத்தையும் நம்மூர்ச் சோளம், கரும்பையும் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லியின் விதை, அந்தச் சமிக்ஞை கிடைத்தால்தான் முளைக்கும். துணையை அழைத்த குரலே பகையையும் எழுப்பிவிடுகிறது.

நேரடியாகச் சண்டை போடும் பூஞ்சையும் உண்டு. 1932-இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைக் குடும்ப நாற்றுகளின் அழுகலை ஆராய்ந்த ருடால்ஃப் வெய்ண்ட்லிங், ட்ரைக்கோடெர்மா பூஞ்சை ரைசோக்டோனியாவைச் சுற்றிவளைத்துத் தின்பதைக் கண்டார். இன்று தமிழக வேளாண் கடைகளில் விரிடி என்று கேட்டாலே எடுத்துக் கொடுக்கும் பொடி அந்த வழியில் வந்ததுதான். இந்தக் குடும்பத்துக்கு நார்ப்பொருளைக் கரைக்கும் வல்லமை அதிகம். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மட்கவைத்த பூஞ்சையும் ஒரு ட்ரைக்கோடெர்மாதான். உழாத வயலுக்கு இந்தக் குணம் பெரிய உதவி. மேலே கிடக்கும் தட்டையை இத்தகைய பூஞ்சைகள் எவ்வளவு விரைவாக மட்கவைக்கின்றனவோ, நோய்ப்பூஞ்சை தங்கும் காலம் அவ்வளவு குறையும்.

மக்காச்சோளத்தில் பூஞ்சை என்பது மகசூலோடு மட்டும் தொடர்புள்ள செய்தி அல்ல, உயிரோடும் தொடர்புள்ளது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 106 பேர் ஈரல் பாதித்து இறந்தார்கள். 2004-இல் கென்யாவில் 125 பேர். இரண்டிலும் கொன்றது அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையின் அஃப்ளடாக்ஸின் நஞ்சு. மண்ணிலும் பயிர்க்கழிவிலும் வாழும் இந்தப் பூஞ்சையில் நஞ்சு உண்டாக்காத வகைகளும் இயற்கையாகவே இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் காட்டி அவற்றைப் பிரித்தெடுத்து வயலில் தூவி, நஞ்சுள்ளவற்றின் இடத்தைப் பிடிக்கவைத்தார். ஆப்பிரிக்காவில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில், பூஞ்சை ஏற்றிய சோளமணிகளைப் பூப்பதற்கு 2, 3 வாரம் முன்பு ஹெக்டேருக்கு 10 கிலோ தூவுகிறார்கள். நஞ்சு பெருமளவு குறைகிறது. நல்ல பூஞ்சையை வயலில் இட்டு ஏழைகளின் உயிரைக் காத்த முயற்சிகளில் இதற்கே முதலிடம் தரலாம்.

வேர்ப்பூஞ்சைப் பொட்டலங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. 2023-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 54 விவசாயிகளின் மக்காச்சோள வயல்களில் ஒரே வேர்ப்பூஞ்சையை இட்டுப் பார்த்த முடிவு வெளியானது. சில வயல்களில் வளர்ச்சி 40 விழுக்காடு கூடியது. சிலவற்றில் 12 விழுக்காடு குறைந்தது. எந்த வயலில் பலன் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று மண்ணின் இயல்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். மணிச்சத்தின் அளவைவிட, விதைக்குமுன் மண்ணில் இருந்த நோய்ப்பூஞ்சைகளின் அளவே நல்ல அறிகுறியாக அமைந்தது. நோய்ப்பூஞ்சை மிகுந்த வயலில் வேர்ப்பூஞ்சை பெரிதும் கைகொடுத்தது. ஊட்டச்சத்துக்காக விற்கப்படும் பொருள், உண்மையில் காவலாளி வேலையைச் செய்திருக்கிறது. பல ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த ஆய்வுகளில் விவசாயிக்கு மிகவும் பயன்படக்கூடியது இது என்றே கருதவேண்டும்.

மொத்தக் கணக்கும் பயிரை மாற்று என்ற மூன்றாம் விதியின் பக்கமே நிற்கிறது. 2015-இல் பிட்டல்கோ குழுவினர் 610 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உழாத முறை சராசரியாக 5.7 விழுக்காடு மகசூலைக் குறைத்தது. மூடாக்கும் பயிர் மாற்றமும் சேர்ந்த இடங்களில் அந்த இழப்பு சுருங்கியது. அவை சேர்ந்த வறண்ட மானாவாரி நிலங்களில் 7.3 விழுக்காடு கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் மூடாக்குக்குத் தட்டை வேண்டுமே! சிறுவிவசாயியின் தட்டை மாட்டுக்குப் போய்விடுகிறது என்று கென் கில்லர் 2009-இல் ஆப்பிரிக்காவை முன்வைத்து எழுப்பிய கேள்வி நமக்கும் பொருந்தும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களை எடுத்துக்கொள்வோம். கோழித்தீவனத் தேவையால் அங்கே மக்காச்சோளத்துக்கு நிலையான சந்தை உண்டு. அதனாலேயே ஆண்டுதோறும் அதே பயிர் வருகிறது. பூத்தபின் மழை ஏமாற்றினால் கரிக்கோல் அழுகல் வரும். தண்டைப் பிளந்தால் உள்ளே கரும்பொடி தெரியும். அந்தப் பொடி மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்கு இரையாகும் தாவரங்கள் சுமார் 500 என்பார்கள். உளுந்தும் எள்ளும் அதில் அடக்கம் என்பதால், இந்த நோய்க்குப் பயிரை மாற்றுவது மட்டும் போதாது. ஈரத்தைக் காக்கும் மூடாக்கும், தொழுவுரத்தோடு கலந்து இடும் விரிடியும் இங்கே கூடுதலாக உதவும். பழைய தட்டையிலிருந்து தாவும் இலைக்கருகலுக்கோ பயிர் மாற்றமே முதல் மருந்து. விதை நிறுவனங்கள் பூஞ்சைக்கொல்லி பூசியே விற்கும் விதையின் மேல் விரிடியையும் தடவி, பிறகு விரிடி வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. அந்த மருந்து அதையும் கொல்லக்கூடும். வேம் என்று விற்கும் வேர்ப்பூஞ்சையை உயிருள்ள வேரில்தான் பெருக்க முடியும், அதற்குப் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே வளர்க்கிறார்கள். அப்படிப்பட்ட பயிரின் வயலில், ரோட்டவேட்டரை ஒரு சால் குறைத்து ஓட்டினாலே செலவில்லாமல் அந்தப் பூஞ்சையைக் காப்பாற்றலாம்.

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் அமில காரநிலை முதல் போரான் வரை 12 அளவீடுகளை விவசாயிக்குத் தருகிறது. மண்ணில் எந்த நோய்ப்பூஞ்சை எவ்வளவு இருக்கிறது, வேர்ப்பூஞ்சை இருக்கிறதா என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. உழவைக் குறைக்கச் சொல்லும் அரசும் பல்கலைக்கழகமும், மக்காச்சோளம் மிகுந்த வட்டாரங்களிலாவது, அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். எந்த வயலில் தட்டையை விடலாம், எந்த வயலில் முதலில் பயிரை மாற்றவேண்டும், எவர் பொட்டலம் வாங்கத் தேவையே இல்லை என்பதை அதன் பிறகுதான் விவசாயியிடம் உறுதியாகச் சொல்ல முடியும்.